சக ஊழியரோடு முட்டிக்கொண்டால்: வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையில் சேர்ந்த சில மாதங்களுக்குள் யாரோடாவது ஓர் உரசல் வரத்தான் செய்யும். அதனால் நீங்கள் சண்டைக்காரர் என்றோ, சேர்ந்த இடம் சரியில்லை என்றோ ஆகிவிடாது. ஆளுக்கொரு அவசரத்தோடு இருக்கும் பத்துப் பேர் ஒரே வேலையைச் செய்தால் இடித்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. பழையவர்களுக்கும் இது நடக்கிறது. யாரிடம், எப்போது, எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்பது அவர்களுக்குப் பழகிப் போயிருக்கும், அவ்வளவுதான். புதியவர்கள் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். விழுங்கியதெல்லாம் சேர்ந்து ஒருநாள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வெடிக்கும். வெடித்த பிறகு "அவனுக்குக் கோபம் அதிகம்" என்ற பெயர்தான் மிஞ்சும். என்ன பிரச்சினை என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் சண்டைகளில் பெரும்பகுதி ஏற்பாட்டுக் கோளாறு. யார் எதைச் செய்வது, எப்போதுக்குள் கொடுப்பது, கடைசி முடிவு யாருடையது என்ற மூன்றில் ஏதோ ஒன்று தெளிவில்லாமல் கிடக்கும். அதைப் போய் ஆளின் குணத்தில் தேடுவதால்தான் சண்டை முற்றுகிறது. கீழே வரும் படிகள் எல்லாமே சண்டையை ஆளிடமிருந்து பிரித்து வேலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் வழிகள்தான்.

முதல் படி: எது பற்றிய சண்டை என்று பாருங்கள்

அமைப்புகளுக்குள் நடக்கும் மோதல்களை ஆராய்ந்த கேரன் ஜென், 1990களில் அவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். "இந்த வடிவமைப்பு சரிப்படாது, வேறு மாதிரி செய்யலாம்" என்பது வேலை பற்றிய மோதல். "அவருக்கு என்னைப் பிடிக்காது" என்பது உறவு பற்றிய மோதல். முதல் வகை சில சமயம் நல்லதைக்கூடச் செய்யும், இரண்டாவது வகையால் கெடுதல்தான் என்பது அன்றைய முடிவு. ஆனால் 2003இல் கார்ஸ்டன் டி ட்ரூவும் லாரி வைன்கார்ட்டும் பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, வேலை பற்றிய வாதங்களும் பல அணிகளைப் பாதித்திருப்பது தெரிந்தது. இரண்டு வகையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாத அணிகளில் அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது.

நமக்கு உதவுவது அந்தக் கடைசி விஷயம். வடிவமைப்பு பற்றிய வாதம் வடிவமைப்போடு நிற்கும்வரை பெரிய ஆபத்தில்லை. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற சொல் வந்த நிமிடத்தில் அது வேறு சண்டையாகிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, உங்கள் மனதில் ஓடுவதை ஒரு வரியில் எழுதிப் பார்ப்பது. அந்த வரியின் எழுவாய் ஓர் ஆளாக இருந்தால் ("அவர் பொறுப்பில்லாதவர்") இன்னும் ஒருமுறை எழுதுங்கள். அது ஒரு வேலையாகவோ நேரமாகவோ முடிவாகவோ மாறும்வரை ("திங்கட்கிழமை எண்கள் தாமதமாக வருகின்றன") பேசப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: கண்டதையும் ஊகித்ததையும் பிரியுங்கள்

இன்னொருவர் தாமதமாக வந்தால் சோம்பேறி, நாம் தாமதமாக வந்தால் டிராஃபிக். எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம். அடுத்தவர் செயலுக்கு அவர் குணத்தையே காரணமாகப் பார்த்து, அவர் சூழலைக் கணக்கில் விட்டுவிடும் இந்தப் பழக்கத்துக்கு 1977இல் உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. செய்ய வேண்டியது எளிது.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், கேமரா ஒன்று இருந்திருந்தால் அதில் பதிவாகியிருக்கக்கூடியவை மட்டும்: எத்தனை மணிக்கு மெயில் வந்தது, என்ன வார்த்தை சொன்னார், யார் உடன் இருந்தார்கள். வலப்பக்கம் மற்ற எல்லாம்: வேண்டுமென்றே செய்தார், என்னை மதிக்கவில்லை, மேனேஜர் முன்னால் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார். பலருக்கு இடப்பக்கம் இரண்டு வரியில் முடிந்துவிடும், வலப்பக்கம் தாள் போதாது. நீங்கள் பேசப் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததைச் சொன்னால் எதிராளி அதை மறுப்பதிலேயே நேரம் போய்விடும்.

மூன்றாம் படி: இதைப் பேசத்தான் வேண்டுமா?

எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று மேலாண்மைப் பயிற்சிகளில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மோதல் வந்தால் மனிதர்கள் ஐந்து விதமாக நடப்பதாக அது சொல்கிறது: பிடிவாதமாக நிற்பது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்கிப் போவது, ஆளுக்குப் பாதி என்று முடிப்பது, இருவர் தேவையும் தீரும்படி உட்கார்ந்து வழி தேடுவது. இதில் ஐந்தாவதுதான் உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏசியை எத்தனையில் வைப்பது என்பதற்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வழி தேடுவது கிறுக்குத்தனம். அங்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதே மேல்.

புதியவர்களின் சிக்கல் வேறு. அவர்கள் விட்டுக்கொடுப்பதும் ஒதுங்குவதும் யோசித்து எடுத்த முடிவாக இருக்காது. பயத்தில் நடப்பதாக இருக்கும். அதனால் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இது மறுபடி நடக்குமா? இதனால் என் வேலையோ, தூக்கமோ, பெயரோ கெடுகிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் பேசியாக வேண்டும். ஒருமுறை நடந்த முகச்சுளிப்பு என்றால் விட்டுவிடலாம்.

பேசுவது என்று முடிவெடுத்தால் ஓரிரு நாளுக்குள் பேசுங்கள். அன்றைக்கே, கை நடுங்கும்போது வேண்டாம். ஒரு மாதம் ஊறப்போடுவதும் வேண்டாம். மாதம் கழித்துப் பட்டியலோடு போனால், "இவ்வளவு நாளா மனசுல வச்சுக்கிட்டா சிரிச்சுப் பேசினே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நான்காம் படி: பேச அழைப்பது

சாட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் உடனாய்வாளர்களோடு 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல காரணம் தருகிறது. கிண்டலாகவும் நிஜமாகவும் வாக்கியங்களை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் தொனியைச் சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். ஆனால் படித்தவர்கள் சரியாகச் சொன்னது, பூவா தலையா போட்டுச் சொன்னதைவிடப் பெரிதாக மேலில்லை. குரலில் கேட்டவர்கள் எவ்வளவோ நன்றாகக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் தட்டச்சு செய்யும்போது உங்கள் காதில் ஒலிக்கும் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதில்லை.

சாட்டை அழைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதிலும் விஷயம் என்ன என்று சொல்லிவிட வேண்டும். "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று மொட்டையாக அனுப்பினால் எதிராளி மதியம் முழுக்க நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பார், வரும்போதே தற்காப்போடு வருவார். "திங்கட்கிழமை ரிப்போர்ட் எண்கள் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசலாமா? இன்னைக்கு நாலு மணிக்கு முடியுமா, இல்ல நாளைக்கா?" இது போதும். தனி அறை கிடைத்தால் நல்லது. வேறு ஊரிலிருந்து வேலை செய்பவர் என்றால் வீடியோ அழைப்பு, அதுவும் முடியாவிட்டால் போன். மேனேஜரை சிசியில் போட்டு ஆரம்பிப்பது, பேசுவதற்கு முன்பே பஞ்சாயத்துக்குப் போவது மாதிரி. அதற்கான நேரம் அப்புறம் வரும்.

ஐந்தாம் படி: அந்தக் கால் மணி நேரம்

ஒரு உதாரணத்தை நெருக்கமாகப் பார்க்கலாம். நீங்கள் வாராந்திர ரிப்போர்ட்டைத் தொகுப்பவர். எண்களைத் தர வேண்டியவர் உங்களைவிடச் சில வருடம் மூத்த சக ஊழியர். திங்கள் மதியம் பன்னிரண்டுக்கு வர வேண்டிய எண்கள் ஐந்துக்கு வருகின்றன. நீங்கள் கிளம்ப எட்டாகிறது.

வாயில் முதலில் வரும் வாக்கியம் இது: "நீங்க வாராவாரம் லேட் பண்றீங்க. என் நேரத்தப் பத்தி உங்களுக்குக் கவலையே இல்ல." இதில் 'வாராவாரம்' என்பதை அவர் மறுப்பார், 'கவலையே இல்ல' என்பதற்குக் கோபப்படுவார். எண்கள் பற்றிய பேச்சே எழாது.

இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "போன ரெண்டு திங்கக்கிழமையும் எண்கள் அஞ்சு மணிக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ரிப்போர்ட் முடிக்க எனக்கு எட்டு மணி ஆயிடுது. உங்க பக்கம் அன்னைக்கு என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்." எப்போது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, அப்புறம் ஒரு கேள்வி. இவ்வளவுதான் சூத்திரம். கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமான பகுதி இதுதான். சில நொடி அமைதி நிலவும்போது அதை நிரப்ப வேண்டும் போலிருக்கும். நிரப்பாதீர்கள்.

அவர் சொல்கிறார்: "எனக்கே கிளைகள்ல இருந்து மூணு மணிக்குத்தான் வருது. சரிபார்க்காம எப்படிக் குடுக்குறது? உங்களுக்கு முன்னாடி இருந்தவர் இதுக்கெல்லாம் ஒண்ணும் சொன்னதில்ல."

இதில் ஒரு தகவல் இருக்கிறது, ஒரு குத்தலும் இருக்கிறது. குத்தலை எடுத்தால் சண்டை, தகவலை எடுத்தால் தீர்வு. குத்தல் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "ஓ, மூணு மணிக்குத்தான் உங்க கைக்கே வருதா? அப்ப சரிபார்க்க ரெண்டு மணி நேரம் ஆகுது." தன் நிலைமை புரிந்துகொள்ளப்பட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்களின் குரல் இறங்கிவிடும். உடனே "ஆனா..." என்று தொடங்கிவிடாதீர்கள். "சரிபார்க்காத மொத்தத் தொகை மட்டும் மூணு மணிக்குக் கிடைச்சா அட்டவணையப் போட்டு வச்சிடுவேன். திருத்தம் இருந்தா அஞ்சு மணிக்கு மாத்திக்கலாம். அது உங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேளுங்கள்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். 'பன்னிரண்டு' என்பதும் 'ஐந்து' என்பதும் இருவரின் பிடி. ஒருவர் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், மற்றவர் தப்பான எண்ணில் தன் பெயர் வரக்கூடாது. இவைதான் இருவரின் தேவை. பிடியில் பேரம் பேசியிருந்தால் இரண்டரை மணி என்று முடித்திருப்பார்கள், ஒருவருக்கும் உதவியிருக்காது. அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1920களிலேயே இதைத் தன் நூலக அனுபவத்தை வைத்து விளக்கியிருக்கிறார். சிறிய அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், ஃபாலெட் மூடச் சொன்னார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். அவருக்கு அறைக்குள் காற்று வேண்டும். இவருக்கு வாடைக்காற்று தன்மேல் நேராக அடிக்கக்கூடாது. பாதி ஜன்னல் திறந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: அந்த ரிப்போர்ட்டைத் திங்கள் இரவு யார் படிக்கிறார்கள்? செவ்வாய் காலை பத்து மணிக்கு முன் யாருமே திறப்பதில்லை என்று தெரியவந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கெடுவையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். யாரோ எப்போதோ வைத்த கெடுவுக்காக இரண்டு நல்ல மனிதர்கள் முறைத்துக்கொண்டிருப்பது அபூர்வமே இல்லை.

பேச்சு சூடேறினால் நிறுத்துங்கள். "இப்ப ரெண்டு பேருமே டென்ஷனா இருக்கோம். நாளைக்குக் காலைல தொடரலாமா?" என்று நேரம் குறித்துவிட்டு எழுந்திருங்கள். நேரம் குறிக்காமல் எழுந்தால் அது வெளிநடப்பு.

தப்பு உங்கள் பக்கமும் இருந்தால் அதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். "அன்னைக்கு குரூப்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க." அத்தோடு முற்றுப்புள்ளி. பின்னால் 'ஆனா' ஒட்டினால் மன்னிப்பு கழன்றுவிடும்.

ஆறாம் படி: எழுதி வைப்பது

பேசி முடித்த அன்றே இரண்டு வரி அனுப்புங்கள். "பேசினதுக்கு நன்றி. திங்கள் மூணு மணிக்கு மொத்தத் தொகை, அஞ்சு மணிக்குச் சரிபார்த்த எண்கள். ரெண்டு வாரம் பார்த்துட்டு மறுபடி பேசலாம்." முடிவை மட்டும் எழுதுங்கள். யார் என்ன சொன்னார் என்ற வரலாறு வேண்டாம். இரண்டு வாரம் கழித்து உண்மையாகவே பேசுங்கள். நன்றாகப் போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். குறை சொல்ல மட்டும் வருபவர் என்ற பெயர் எடுப்பது மிகச் சுலபம்.

மேனேஜரிடம் எப்போது போவது

நேரில் பேசியும் மாறவில்லை, அல்லது முடிவெடுக்கும் அதிகாரம் உங்கள் இருவரிடமுமே இல்லை என்றால் போகலாம். இது கோள் சொல்வது ஆகாது. மேனேஜர் வேலையில் இதுவும் ஒரு பகுதி. ஆனால் புலம்பலாகப் போகாமல் மூன்று விஷயங்களோடு போங்கள்: என்ன நடக்கிறது, நான் என்ன செய்து பார்த்தேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "சும்மா சொல்லி வைக்கிறேன்" என்று முடித்தால் அவரும் சும்மா கேட்டுக்கொள்வார். முடிந்தால் போவதற்கு முன் எதிராளியிடமே, "இத நம்மால முடிவு பண்ண முடியல. ரெண்டு பேரும் சேர்ந்து மேனேஜர்கிட்ட கேக்கலாமா?" என்று சொல்லிப் பாருங்கள்.

மேனேஜரோடே உரசல் என்றால்? மீட்டிங்கில் மறுக்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். "முடியாது" என்பதற்குப் பதில் தேர்வை அவர் கையில் கொடுப்பது நல்ல வழி: "வெள்ளிக்கிழமைக்குள்ள இதுல ஒண்ணுதான் முடியும். எது முதல்ல வேணும்னு சொல்லுங்க, அத முடிச்சிடுறேன்." வேலைப்பளு பற்றிய உரசலில் பெரும்பாலும் இதுவே போதும்.

இந்தப் படிகள் பொருந்தாத இடம்

மிரட்டல், கைவைப்பது, பாலியல் சீண்டல், சாதி, மதம், நிறம், உடல் குறித்த இழிசொல், ஒருவரை மட்டும் குறிவைத்து அவமானப்படுத்துவது: இவை மோதல் கணக்கில் வராது. இவற்றுக்குப் போய் "அவர் தேவை என்ன என்று கேளுங்கள்" என்று அறிவுரை சொல்வது அநியாயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றி, 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கை, ஒரே ஒருமுறை நடந்தாலும் அதைத் துன்புறுத்தலாகக் கருதலாம் என்கிறது. பயிற்சியாளர்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், தன்னார்வலர்கள் வரை அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். வேலை தொடர்பான பயணமும், மெயிலும் சாட்டும்கூட அதில் அடக்கம். எல்லா நாடுகளும் அதை ஏற்றுவிடவில்லை. அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நிறுவனத்தின் விதிமுறையையும் பாருங்கள்.

இப்படி நடந்தால் அவரோடு தனியாகப் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, உடனிருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். நம்பகமான ஒருவரிடம் உடனே சொல்லி வையுங்கள். ஹெச்.ஆரிடமோ, புகார்க் குழுவிடமோ, தொழிற்சங்கத்திடமோ எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஓர் அடையாளம் வாங்குங்கள். ஹெச்.ஆர். நிறுவனத்தின் ஊழியர்தான், உங்கள் வழக்கறிஞர் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பெரிய விஷயம் என்றால் வெளியே சட்ட ஆலோசனை கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தவர் சண்டைக்குள் இழுக்கப்பட்டால்

புதியவர்களைப் பழையவர்கள் தங்கள் கட்சியில் சேர்க்கப் பார்ப்பார்கள். டீ குடிக்கக் கூட்டிப் போய், "அவரப் பத்தி உனக்குத் தெரியாது" என்று ஆரம்பிப்பார்கள். தலையாட்டினாலே நீங்கள் ஒப்புக்கொண்டதாக மறுநாள் செய்தி போய்விடும். "இத அவர்கிட்ட சொல்லிப் பார்த்தீங்களா?" என்ற ஒரே கேள்வி இதிலிருந்து நாகரிகமாகக் கழன்றுகொள்ள உதவும். இரண்டாவது முறையும் அதையே கேட்டால் மூன்றாவது முறை வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள்.

தீராமலே போனால்

சில உரசல்கள் தீராது. அந்த ஆளை உங்களுக்குக் கடைசிவரை பிடிக்காமலே இருக்கலாம், அவருக்கும் உங்களை அப்படியே. வேலை ஓடுவதற்குப் பிடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்பதை எழுத்தில், சுருக்கமாக, தேதியோடு கேளுங்கள். அவர் செய்துகொடுத்தால் நன்றி சொல்லுங்கள். அவருக்குப் போக வேண்டிய தகவல் எதையும் நிறுத்தி வைக்காதீர்கள். எதிரில் வந்தால் காலை வணக்கம் சொல்லுங்கள். அதை நிறுத்தும் நாளில்தான் மற்றவர்களுக்குச் சண்டை இருப்பதே தெரியவரும், அப்புறம் வேலை விஷயங்களும் உங்களைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பிக்கும்.